நேராக ஓடியே தேயும் மூட்டு

கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் நம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே வண்டியில் போவதென்றால் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் ஏற வேண்டும். பாதை என்று பெயர்தான். பெரும்பாலும் கல்லும் குழியும். அங்கே சாதாரணக் கார் சரிப்படாது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ‘ஃபோர் வீல்’ ஜீப்தான் ஏறும்.

இப்படி மலையில் ஓடிப் பழகிய பழைய ஜீப் ஒன்று மெதுவாகப் போகும்போது, முன்சக்கரத்துப் பக்கம் ‘கீச்... கீச்...’ என்று சத்தம் வரும். வேகம் கூடினால் கீச்சும் அடுத்தடுத்து வரும். வண்டி திரும்பினால் ‘டக், டக்’ என்று அடிக்கும். பட்டறைக்காரர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “கிராஸ் போச்சு” என்பார்.

கிராஸ் என்றால் என்ன? அது ஏன் ‘போகிறது’?

ஜீப்பின் பின்சக்கரத்துக்கு ஒரே வேலைதான்: சுற்ற வேண்டும். அதற்கு நேரான ஓர் இரும்புத் தண்டு போதும். ஃபோர் வீல் வண்டியின் முன்சக்கரத்துக்கோ இரண்டு வேலை. இன்ஜினின் விசையை வாங்கிக்கொண்டு சுற்றவும் வேண்டும். ஸ்டியரிங் சொல்கிற பக்கம் திரும்பவும் வேண்டும். சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டு ஒரே துண்டாக இருந்தால் சக்கரம் திரும்பவே முடியாது. ஆகவே தண்டை இரண்டாக்கி, நடுவில் ஒரு மூட்டு வைக்கிறார்கள். மடங்கியபடியே சுற்றக்கூடிய மூட்டு! அதற்கு யுனிவர்சல் ஜாயிண்ட் என்று பெயர்.

இதை இங்கிலாந்தில் செய்து காட்டியவர் யார் தெரியுமா? தக்கைத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்து, ‘செல்’ என்று பெயர் வைத்தாரே, அதே ராபர்ட் ஹூக்! வானத்தை ஆராயும் கருவிகளுக்காக 1670-களில் இந்த மூட்டைப் பயன்படுத்தினார். இன்றும் இதை ‘ஹூக் மூட்டு’ என்று சொல்வதுண்டு. மோட்டார் வண்டிகளில் இதைப் பரப்பியவர் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர். அந்தக் காலக் கார்கள் பலவற்றில் சைக்கிளில் இருப்பதுபோலச் சங்கிலிதான் சக்கரத்தைச் சுற்றவைத்தது. தூசி பட்டால் தேயும், சத்தமும் போடும். ஸ்பைசர் இந்த மூட்டை உறைக்குள் வைத்து, உயவுப்பொருள் வெளியே போகாதபடி செய்து, 1903-இல் காப்புரிமை பெற்றார்.

மூட்டின் அமைப்பு எளியது. ஒவ்வொரு தண்டின் முனையும் கவட்டைபோல இரண்டாகப் பிரிந்திருக்கும். இரண்டு கவட்டைகளுக்கும் நடுவே கூட்டல் குறி வடிவில் ஓர் எஃகுத் துண்டு. அதுதான் கிராஸ். அதன் எதிரெதிர்க் கைகள் இரண்டு ஒரு கவட்டையிலும், மற்ற இரண்டு அடுத்த கவட்டையிலும் பொருந்தும். ஒவ்வொரு கையின் மேலும் ஒரு சின்ன எஃகுக் கிண்ணம். பட்டறையில் ‘கப்’ என்பார்கள். கப்பின் உள்சுவரை ஒட்டி, ஊசி ஊசியான எஃகு உருளைகள் நெருக்கமாக நிற்கும். இதுவே நீடில் பேரிங். இடைவெளியெல்லாம் கிரீஸ்.

ஊசிகள் எதற்கு? கெட்டியான ஒரு புத்தகத்தை மேசைமேல் வைத்துத் தள்ளிப் பாருங்கள். பிறகு அதன் அடியில் ஐந்தாறு உருண்டைப் பென்சில்களை வரிசையாக வைத்துத் தள்ளுங்கள். இரண்டாம் முறை புத்தகம் சுலபமாக நகரும். ஒன்றின்மேல் ஒன்று உராய்ந்து நகர்வதைவிட, உருளைமேல் உருண்டு நகரும்போது உராய்வு மிகக் குறைவு. ஊசிகள் செய்வது இந்த வேலைதான்.

இப்போது அதே பென்சில்களைத் தட்டிவைத்த சப்பாத்தி மாவின்மேல் அடுக்கி, மேலே புத்தகத்தை வையுங்கள். தள்ளாமல் அப்படியே விடுங்கள். சற்று நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பென்சிலும் இருந்த இடத்தில் ஒரு பள்ளம்!

கிராஸ் தேய்வதன் மர்மம் இந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. ஜீப் வளைந்து போகும்போது மூட்டு மடங்கியிருக்கும். அப்போது தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஊசிகள் முன்னும் பின்னும் உருளும். கிரீஸும் எல்லா இடத்துக்கும் பரவும். வண்டி நேராக ஓடும்போது மூட்டு மடங்குவதில்லை. தண்டு சுற்றும், ஊசிகள் மட்டும் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்கும். சாலையின் அதிர்வு அந்த இடத்தையே குத்திக்கொண்டிருக்கும். நடுவிலிருந்த கிரீஸ் பிதுங்கி விலக, எஃகும் எஃகும் நேருக்கு நேர் உரசும். கிராஸின் கைகளில் வரிவரியாகப் பள்ளம் விழும். மடங்கி மடங்கி மட்டுமல்ல, மடங்காமலே இருந்தும் இந்த மூட்டு தேய்கிறது!

தேய்மானம் தொடங்கினால் வேகமாக வளரும். கிராஸின் மேற்பரப்பு மட்டும் வெப்பமூட்டி மிகவும் கடினமாக்கப்பட்டது. உட்பகுதி சற்று மென்மையானது, அதிர்ச்சியைத் தாங்குவதற்காக. மேல்தோல் போனால் உள்ளே சீக்கிரம் தேயும். உரசலில் உதிரும் இரும்புத்துகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து செம்பழுப்புப் பொடியாகும். கப்பின் ஓரத்தில் அந்தப் பொடி தெரிந்தால், உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது என்று பொருள். ஓடையும் சேறும் கடக்கும் வண்டியில் ரப்பர் சீல் கிழிந்திருந்தால், தண்ணீரும் மணலும் புகுந்து கேட்டை இன்னும் விரைவாக்கும்.

இந்த மூட்டுக்குப் பிறவியிலேயே ஒரு குறையும் உண்டு. மூட்டு 30 பாகை மடங்கியிருக்கிறது, இன்ஜின் பக்கத்து உள்தண்டு நிமிடத்துக்கு 100 சுற்று என்று சீராகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்துப் பக்க வெளித்தண்டு சீராகச் சுற்றாது. அதன் வேகம் சுமார் 87-க்கும் 115-க்கும் இடையே ஏறி இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடும், இரண்டு முறை குறையும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்குவதால் இது பெரிதாகத் தெரியாது. தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பினால் ஸ்டியரிங் கையில் உதறும். இந்தக் குறையைத் தீர்க்க, 1920-களில் ஆல்ஃபிரெட் செப்பா என்ற பொறியாளர் எஃகுக் குண்டுகளை வைத்து வேகம் மாறாத மூட்டு ஒன்றை உருவாக்கினார். முன்சக்கரம் இழுக்கும் இன்றைய கார்களில் அந்த வகை மூட்டுதான் இருக்கிறது.

சரி, பழைய ஜீப்பின் மூட்டு போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது? பட்டறையில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துவார்கள். மூட்டின் இரு பக்கத் தண்டுகளையும் பிடித்து எதிரெதிராகத் திருகுவார்கள். கொஞ்சம் ஆட்டம் தெரிந்தாலும் கிராஸை மாற்ற வேண்டியதுதான். சில மூட்டுகள் ஆடாது, துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராகாமல் அடம்பிடிப்பது அதன் அடையாளம்.

மாற்றும்போது தண்டை வெளியே எடுத்து, கப்புகளைப் பிடித்திருக்கும் சர்க்கிளிப் வளையங்களைக் கழற்றுவார்கள். பழைய கப்புகளை வைஸ் என்னும் இறுக்குப்பிடியில் வைத்து அழுத்தி வெளியே தள்ளுவார்கள். புதியதைப் பொருத்துவதில்தான் பொறுமை வேண்டும். ஓர் ஊசி சாய்ந்து கப்பின் அடியில் படுத்துவிட்டாலும் கப் முழுதாக உள்ளே போகாது, சர்க்கிளிப் உட்காராது. அப்போது சுத்தியலால் அடித்தால் கப் உடையும். நல்ல மெக்கானிக் கப்பை வெளியே எடுத்து, ஊசிகளைக் கிரீஸில் ஒட்டவைத்து மறுபடி நிறுத்துவார். முடிந்தபின் மூட்டைக் கையால் எல்லாப் பக்கமும் மடக்கிப் பார்ப்பார். எங்கேயும் பிடிக்காமல் அசைய வேண்டும்.

கீச்சுச் சத்தம்தானே என்று விட்டுவைக்கக் கூடாது. தேய்ந்த மூட்டு ஒருநாள் உடையும். உடைந்த துண்டு சிக்கிக்கொண்டால் ஸ்டியரிங் திரும்பாது. மலைப்பாதையில் அது பெரிய ஆபத்து. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை ஓங்கி மிதிப்பதுதான் மூட்டுக்கு மிகப் பெரிய சுமை. அனுபவமுள்ள ஓட்டுநர்கள் அப்படிச் செய்வதில்லை.

மலைக்கு ஜீப்பில் போகும்போது நீங்களும் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் கீச்சோ டக் டக்கோ கேட்டால் ஓட்டுநரிடம் உடனே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில், என்ன ஆவலாக இருந்தாலும், தலையை நீட்டவே கூடாது.