நரம்பிடம் ஒரு கேள்வி, ஆளிடம் ஒரு கேள்வி

1960-களின் நடுவில், ஸ்வீடனின் உப்சாலா மருத்துவமனையில் கார்ல்-எரிக் ஹாக்பார்த், ஓகே வால்போ என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் தங்கள் நரம்புகளில் தாங்களே ஊசி ஏற்றிப் பார்த்தார்கள். அதுவரை ஒற்றை நரம்பிழையின் மின்துடிப்பைப் பதிவு செய்ய, ஆய்வாளர்கள் பெரும்பாலும் மயக்கம் கொடுத்த பூனை, குரங்கு போன்ற விலங்குகளையே நம்பியிருந்தார்கள். பூனையின் காலைத் தொட்டால் நரம்பு துடிப்பது தெரியும். பூனைக்கு என்ன தோன்றியது என்று யாரைக் கேட்பது? மனிதரைக் கேட்கலாம். ஆனால் ஊசியால் நரம்பு கெட்டுவிடுமோ என்ற பயம். அதனால்தான் முதல் சோதனைகளுக்குத் தங்கள் உடம்பையே கொடுத்தார்கள்.

மைக்ரோநியூரோகிராபி என்று பெயர் பெற்ற இந்த முறையில் கருவி எளிது, கைப்பக்குவம்தான் கடினம். டங்ஸ்டன் ஊசியின் நுனி சில மைக்ரோமீட்டர்தான். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் எலும்பு புடைத்திருக்கும் இடத்தை ஒட்டி ஓடும் நரம்பில் அதை இறக்கி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தித் தேட வேண்டும். ஒரு மணி நேரம்கூட ஆகலாம். சிக்கிய துடிப்பைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால், எண்ணெயில் கடுகு வெடிப்பது போல் படபடவென்று கேட்கும்.

தசைக்குள் ஓடும் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் நரம்பு என்றால், அந்தச் சத்தம் இதயத்துடிப்போடு சேர்ந்து வரும். மூச்சை அடக்கினால் பலக்கும். தோலுக்குப் போகும் நரம்பு வேறு ரகம்: பின்னால் யாராவது திடீரென்று கை தட்டினால் அது துள்ளும், உள்ளங்கை வியர்க்கும். 1998-இல் நியூரோலேப் விண்வெளிப் பயணத்தில் வீரர்களின் காலிலும் இந்த ஊசியை ஏற்றிப் பதிவு செய்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் ஆகப் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிவது வருடலைப் பற்றியது. மெல்லிய, உறை இல்லாத, நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் மட்டுமே செய்தி நகரும் ஓர் இழை மென்மையான தொடுதலுக்குத் துடிப்பதை இங்வே ஸாட்டர்மன் 1939-இலேயே பூனையில் கண்டிருந்தார். மனிதரிடம் அது இல்லை என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். ஊசி அந்த எண்ணத்தை மாற்றியது: முதலில் முகத்தில், பிறகு 1990-களில் வால்போ, ஹோகன் ஒலாசன் குழுவினரின் ஆய்வில் முன்கையில்.

தொடுதலைச் சட்டென்று தெரிவிக்கும் தடித்த இழைகள், தூரிகையை வேகமாக இழுக்க இழுக்க அதிகமாகத் துடிக்கும். இந்த மெல்லிய இழை அப்படியல்ல. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால்தான் நன்றாகத் துடிக்கும். அதைவிட மெதுவானாலும் வேகமானாலும் அடங்கிவிடும். எந்த வேகம் இதமாக இருக்கிறது என்று ஆட்களைக் கேட்டபோது அவர்கள் சொன்னதும் இதே வேகத்தைத்தான். இது 2009-இல் வெளிவந்த முடிவு. நரம்பின் கணக்கும் மனிதரின் வாக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டதால்தான் இது கிடைத்தது. வெறும் துடிப்பை மட்டும் எண்ணியிருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தின் பொருள் யாருக்கும் புரிந்திருக்காது.

நோயால் தடித்த இழைகளை இழந்து, மெல்லிய இழைகள் மட்டும் எஞ்சியிருந்த ஒரு பெண்மணியை முன்பே, 2002-இல், ஆராய்ந்திருந்தார்கள். முன்கையை மெல்ல வருடியபோது எந்தத் திசையில் வருடுகிறார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஏதோ லேசாக, இதமாக இருக்கிறது என்றார். மூளைப் படத்தில் தொடுதலுக்கான வழக்கமான பகுதி சும்மா இருக்க, உணர்ச்சிகளோடு தொடர்புள்ள இன்சுலா என்ற பகுதி விழித்திருந்தது.

உள்ளங்கையில் வருடலுக்குத் துடிக்கும் இந்த மெல்லிய இழை கிடையாது என்றே பாடநூல்கள் சொல்லி வந்தன. அண்மையில் அங்கேயும் சிலவற்றைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் முன்கையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.