மூக்குக்குச் சிக்காத கூவத்துக் குற்றவாளி!

சென்னை -

சாயங்காலம் ஆபீஸ் விட்டுப் போகிறவர்களுக்கு இது தினசரி அனுபவம்.

சிந்தாதிரிப்பேட்டையிலோ, சேத்துப்பட்டிலோ பஸ் பாலத்தில் ஏறும். ஜன்னலோரத்து ஆசாமி கர்சீப்பை எடுத்து மூக்கில் வைப்பார். "என்னா கப்புப்பா!" என்பார் பக்கத்தில் நிற்பவர். பாலம் தாண்டியதும் கர்சீப் பாக்கெட்டுக்குப் போய்விடும். கூவமும் மறந்து போகும்.

ஆனால் மூக்கைப் பிடிக்க வைப்பது ஒரு வாயு. யார் கையிலும் பிடிபடாமல் தப்பி ஓடுவது இன்னொரு வாயு!

அழுகின முட்டை நாற்றம் அடிப்பது ஹைட்ரஜன் சல்பைடு. அதோடு சேர்ந்து கிளம்புகிறது மீத்தேன். இதற்கு நாற்றமும் கிடையாது, நிறமும் கிடையாது. கறுப்புத் தண்ணீரில் பொட்டுப் பொட்டாகக் குமிழி வந்து உடைகிறதே, அதில் ஏறித்தான் இது வெளியே வருகிறது.

80 மடங்கு

வெளியே வந்து என்ன செய்கிறது? பூமிக்குப் போர்வை போர்த்துகிறது. வாங்கிய சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது.

கரியமில வாயு செய்வதும் இதே வேலைதான். ஆனால் 20 ஆண்டுக் கணக்குப் பார்த்தால், ஒரு டன் மீத்தேன் சுமார் 80 டன் கரியமில வாயுவுக்குச் சமம். 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 27 டன்னுக்குச் சமம். ஐ.நா. விஞ்ஞானிகள் குழு 2021-ல் கொடுத்த கணக்கு இது.

மூடி இல்லாத தொட்டி

கிராமத்தில் சாண எரிவாயுத் தொட்டி பார்த்தவர்களுக்கு இந்தச் சூட்சுமம் உடனே விளங்கும்.

தொட்டியில் சாணத்தைக் கரைத்து மூடிவிடுகிறார்கள். காற்று புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேனை விடுகின்றன. அதை வைத்து அடுப்பு எரிக்கிறார்கள்.

கூவத்தின் அடியில் இருக்கும் சேற்றிலும் இதே கதைதான். வீட்டுச் சாக்கடை ஆற்றில் விழுகிறது. அதை மக்க வைப்பதிலேயே தண்ணீரில் உள்ள பிராணவாயு தீர்ந்து போகிறது. பிராணவாயு இல்லாத சேற்றில் மீத்தேன் நுண்ணுயிர்களுக்குக் கொண்டாட்டம். தொட்டிக்கு மூடி உண்டு. ஆற்றுக்கு ஏது மூடி?

ஆற்றில் எவ்வளவு அழுக்கு? தண்ணீரில் உள்ள அழுக்கை மக்க வைக்க எவ்வளவு பிராணவாயு தேவை என்று பார்ப்பது ஒரு சோதனை. குளிக்கத் தகுந்த ஆறு என்றால் லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஆவடியிலிருந்து சத்யா நகர் வரை கூவத்தில் இருந்தது 345 மில்லிகிராம்! மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையில், நாட்டிலேயே இதுதான் ஆக மோசம்.

அடையாறும் சளைத்ததல்ல

அண்ணா பல்கலைக்கழக விஞ்ஞானிகளும், இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் சேர்ந்து அடையாற்றைச் சோதித்தார்கள். தண்ணீர் மேல் மிதக்கும் பெட்டியைக் கவிழ்த்துக் கிளம்பும் வாயுவைப் பிடித்தார்கள். முடிவு 2008-ல் வெளிவந்தது. சுத்தமான தண்ணீரில் இருக்க வேண்டிய அளவைப்போலப் பல மடங்கு மீத்தேன் இருந்தது. கூடவே நைட்ரஸ் ஆக்சைடும் அகப்பட்டது. சிரிப்பு வாயு என்பார்களே, அதுதான். 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு சூடேற்றும். சிரிக்கிற விஷயமா இது?

வெயில் உடந்தை

கத்திரி வெயிலில் நிலைமை இன்னும் மோசம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏறினால் நுண்ணுயிர்களும் வேகமாக வேலை செய்யும். கோடையில் ஆற்றில் ஓட்டமும் இருக்காது. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் கடல் தண்ணீரும் உள்ளே வராது.

அப்படியானால் வெயில்தான் குற்றவாளியா? இல்லை, உடந்தை மட்டும்தான்!

உலகத்து ஆறுகளும் ஓடைகளும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 79 லட்சம் டன் மீத்தேன் விடுகின்றன என்று 2023-ல் ஒரு சர்வதேச ஆராய்ச்சி கணக்கிட்டது. ஏரி, சதுப்பு நிலங்களைப்போல ஆறுகள் வெப்பத்துக்கு அவ்வளவு ஆடுவதில்லை என்றும் அது கண்டது. ஆற்றின் போக்கை மனிதன் எப்படி மாற்றுகிறான், அதில் எதைக் கொண்டு கொட்டுகிறான் என்பதற்கே அங்கு முக்கிய இடம்.

வெயிலைக் கைது செய்ய முடியாது. சாக்கடையைப் பிடிக்க முடியும்.

அதே வாயு, கரண்ட்!

பிடித்தால் லாபமும் உண்டு. கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் இதே வாயுவை மூடிய தொட்டியில் பிடித்து மின்சாரம் தயாரித்திருக்கிறார்கள். எரித்தால் கரியமில வாயு வரத்தான் செய்யும். ஆனால் மீத்தேனை அப்படியே காற்றில் விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பாதாளச் சாக்கடையில் இறங்கும் தொழிலாளியை மயக்கிச் சாய்ப்பதும் இந்த வாயுக் கூட்டம்தான். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நஷ்டஈட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு உயர்த்தியது. சாவு நின்றபாடில்லை.

எங்கே போகிறது?

மழைநீர் வடிகாலில் கள்ளத்தனமாகச் சாக்கடைக் குழாயைச் சொருகிய வீடுகளும் கடைகளும் ஊரில் ஏராளம். அந்த வடிகால் நேராக ஆற்றுக்குப் போகிறது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு அல்ல.

பாலத்தில் மூக்கைப் பொத்துகிறவர்கள், வீட்டுக்குப் போனதும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

நம்ம வீட்டுக் குழாய் எங்கே போகிறது?