தட்டில் கால் பங்கு

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே.ஏ. ரசல் தேயிலைத் தோட்டம் தொடங்கினார். அங்குக் கொழுந்து பறிக்க வந்தவர்களில் தமிழர்கள் பலர். செங்குத்தான சரிவில் கூடை கனக்கக் கனக்க ஏறி இறங்குவதே அவர்களின் அன்றாட வேலை. போதாததற்கு மலைக்குளிர் வேறு. தட்டு நிறையச் சோறு உண்டால்தான் மாலைவரை உடம்பு தாங்கும். உண்ட சோறு முழுவதும் உழைப்பிலேயே செலவாகிவிடும்.

இன்று அத்தோட்டங்களில் கத்தரியும் இயந்திரமும் கொழுந்து வெட்டுகின்றன. அன்றைய தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் அலுவலகத்திலும் கடையிலும் வேலை செய்கின்றனர். ஆயினும், சோற்றின் அளவு பல வீடுகளில் தாத்தா காலத்து அளவாகவே இருக்கிறது. மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள் என்று 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு காட்டியது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு நோய் உள்ளது.

இதைக் கேட்டு அஞ்சும் சிலர் சோற்றை அறவே விட்டுவிடுகின்றனர். அது தேவைதானா?

சோறு, ரொட்டி, கிழங்கு, பழம், சீனி ஆகியவற்றில் இருப்பது கார்போஹைட்ரேட். அதில் ஒரு கிராம் 4 கலோரி ஆற்றல் தருகிறது. நாள்தோறும் பெறும் ஆற்றலில் 50 முதல் 65 விழுக்காடு இதிலிருந்து வரலாம் என்பது மலேசியப் பரிந்துரை. எடை குறைக்க விரும்பும் பெரியவர் ஒருவர் நாளுக்கு 1500 கலோரி உண்கிறார் எனக் கொள்வோம். அதில் பாதி 750 கலோரி. அதை நான்கால் வகுத்தால், ஏறக்குறைய 188 கிராம் கார்போஹைட்ரேட். வெந்த சோறு 100 கிராமில் இருப்பது சுமார் 28 கிராம்தான். ஆகவே, அளவாக உண்பவருக்குச் சோறு பகையன்று.

இன்னும் குறைத்தால் எடை விரைவாக இறங்குமா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 609 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஓராண்டு கவனித்தனர். ஒரு குழு கார்போஹைட்ரேட்டைக் குறைத்தது. மற்றது கொழுப்பைக் குறைத்தது. 2018இல் வெளிவந்த முடிவின்படி, இரு குழுவினரும் இழந்த எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மொத்தத்தில் எவ்வளவு உண்கிறோம், அதைத் தொடர்ந்து கடைப்பிடிக்க முடிகிறதா என்பவையே முக்கியம்.

சோற்றைக் குறைப்பவர்கள் தேநீரை மறந்துவிடுவதுதான் வேடிக்கை. வெறும் தேநீரில் கார்போஹைட்ரேட் இல்லையென்றே சொல்லலாம். இரண்டு மேசைக்கரண்டி இனிப்பூட்டிய கெட்டிப்பாலைச் சேர்த்தாலோ, அதில் சுமார் 20 கிராம் சீனி வந்துவிடுகிறது. நாளுக்கு மூன்று குவளை குடித்தால் 60 கிராம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி, உணவில் சேர்க்கும் சீனி மொத்த ஆற்றலில் பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 1500 கலோரி உண்பவருக்கு அது 37 கிராம் மட்டுமே. கொழுந்து குற்றமற்றது, குவளையில் கலப்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒவ்வொரு வேளையும் நிறுத்துப் பார்த்து உண்பது யாருக்கும் இயலாது. அதனால்தான் சுகாதார அமைச்சு ‘சுக்கு-சுக்கு-செபாரோ’ என்னும் முறையைப் பரப்புகிறது. தட்டில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு. பாதி காய்கறியும் பழமும். அந்தப் பாதிக்குக் கேமரன் மலைவாசிகள் தொலைவில் தேட வேண்டியதில்லை. முட்டைக்கோசும் தக்காளியும் கீரையும் அங்கேயே விளைகின்றன.

மேலே கண்ட கணக்கு பெரியவர்களுக்கு உரியது. வளரும் பருவத்தினருக்கு ஆற்றல் கூடுதலாகத் தேவைப்படும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரெனச் சோற்றைக் குறைத்தால், இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். இவ்விரு பிரிவினரும் மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்ட பிறகே அளவை மாற்ற வேண்டும்.