குழியும் கிணறும் ஒரே மணலில்

வயலையும் வளவையும் விட்டு வந்த குடும்பங்களுக்குக் குடியிருக்க ஒரு வீடு கிடைப்பது பெரும் ஆறுதல். ஆனால் வீட்டுத்திட்டங்களின் சிறிய வளவுகளில் கிணறும் மலசலகூடக் குழியும் நெருங்கி நிற்கும்போது, குடிநீரைப் பற்றி நாம் கூடிச் சிந்திக்க வேண்டியுள்ளது.

கல்முனையிலிருந்து திருக்கோவில், வினாயகபுரம் வரை எமது கரை மணற்கரை. மாரி மழை மணலில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது அறிவியல் கணக்கு. மேலே குறைந்தால் கீழிருந்து உப்பு ஏறும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், கிணறுகளை அளவுமீறி இறைக்க வேண்டாமென நிபுணர்கள் எச்சரித்தது இதனாலேயே.

இதே மணலில்தான் எமது குழிகளும் உள்ளன. மாரியில் நிலத்தடி நீர் உயர்ந்து குழியைத் தொடும்போது கிருமிகளும் நைத்திரேற்றும் கிணற்றை அடைகின்றன. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து.

மலசலகூடத்துக்கும் கிணற்றுக்கும் இடையே 30 மீற்றர், அதாவது சுமார் 100 அடி, இருக்க வேண்டும் என்பது மனிதாபிமானப் பணிகளில் பின்பற்றப்படும் அளவு. 10 பேர்ச் வளவு சதுரமாக இருந்தால் அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 52 அடிதான். எனவே இது தனி வீட்டாரின் குறையன்று; ஊர் சேர்ந்து தீர்க்க வேண்டிய காரியம்.

இதற்கு ஒரு வழி, ஊருக்குப் பொதுவான சிறு சுத்திகரிப்பு நிலையம். முதலில் மூடிய தொட்டிகளில் சேறு அடியில் தங்கும். பின்னர் பன், நாணல் வளர்ந்த சரளைப் படுகை வழியாக நீர் மெல்லச் செல்லும். வெளியேறும் நீர் தெளிவாகத் தெரிந்தாலும் குடிநீர் அன்று. அதில் உரச்சத்தும் ஓரளவு கிருமியும் மிஞ்சும். அந்நீரைக் களப்பில் விட்டால், முகத்துவாரம் மூடிய காலத்தில் பாசியும் ஆற்றுவாழையும் பெருகி மீன்கள் மூச்சுத்திணறும். தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சினால் அதே சத்து உரமாகும். அந்த அளவுக்குக் கிணற்று இறைப்பும் குறையும். பச்சையாக உண்ணும் கீரைக்கு மட்டும் பாய்ச்சலாகாது.

தொட்டிச் சேற்றையும் காலத்துக்குக் காலம் அகற்ற வேண்டும். இந்தியாவில் பெங்களூருக்கு அருகிலுள்ள தேவனஹள்ளியில் 2015இல் தொடங்கப்பட்ட நிலையம், வீட்டுக் குழிகளிலிருந்து பவுசரில் வரும் சேற்றைச் சுத்திகரித்து உலர்த்தி உரமாக்க வழிகாட்டியது.

ஆகவே உங்கள் குடியிருப்பில் இத்தகைய நிலையம் அமைக்க எவரேனும் முன்வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எமது கிணறுகள் அதன் வழியில் உள்ளனவா? வெளியேறும் நீர் எங்கே போகும்? கட்டியவர்கள் போன பின் சேற்றை அகற்றுவது யார், அதற்குப் பணம் தருவது யார்? விடைகளைப் பிரதேச சபையிடமிருந்து எழுத்தில் பெறுங்கள்.

பாதுகாப்பான குடிநீர் அடிப்படை மனித உரிமை என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தமது சுற்றுமடலில் அறிவுறுத்தினார். அயல் ஊரார் தமிழராயினும் முஸ்லிம்களாயினும், நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. இவ்வாரமே உங்கள் கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து, கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.