இருளில் நடப்பவனைக் காட்டும் கருவி

ஜப்பானைச் சேர்ந்த கொனாமி என்னும் கம்பெனி 1998-ஆம் ஆண்டில் 'மெட்டல் கியர் சாலிட்' என்றொரு விளையாட்டை வெளியிட்டது. தொலைக்காட்சித் திரையில் ஆடப்படும் இவ்விளையாட்டில், எதிரியின் கோட்டைக்குள் தனி ஒருவனாகப் புகும் வீரன், காவலர் கண்ணில் படாமல் பதுங்கிப் பதுங்கிச் செல்லவேண்டும். அவனுக்குத் துணையாகத் திரையின் ஒரு மூலையில் சிறு ராடார் படம் ஒன்று தெரியும். காவலர் நிற்கும் இடங்களை அது புள்ளிகளாகக் காட்டும். அவர்கள் எத்திசையில் எவ்வளவு தூரம் பார்க்கிறார்கள் என்பதையும் விசிறி போன்ற வடிவத்தில் காட்டிவிடும். இவ்விளையாட்டை ஆடிய மாணவன், "இத்தகைய கருவி உண்மையில் உண்டா?" என்று ஆசிரியரைக் கேட்பானாயின், அக்கேள்வியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அதற்குப் பாதி விடை பெங்களூரில் இருக்கிறது.

விளையாட்டில் இக்கருவிக்குச் 'சாலிடான் ராடார்' என்று பெயர். சாலிடான் என்பது கற்பனைச் சொல் அன்று. 1834-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்கு அருகே ஒரு கால்வாயில், ஓடிக்கொண்டிருந்த படகு திடீரென்று நின்றபோது, அதன் முன்னே திரண்ட நீர் ஒரே அலையாக உருக்குலையாமல் நெடுந்தூரம் ஓடியதை ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்னும் பொறியியல் அறிஞர் கண்டு, குதிரைமீது அதனைத் தொடர்ந்து சென்றார். இத்தகைய தனியலைகளுக்குச் சாலிடான் என்ற பெயர் 1965-இல் வழங்கப்பட்டது. ஆனால் ஒளிந்திருப்பவனைக் கண்டுபிடிக்கத் தனியலை தேவையில்லை. பள்ளிப் பாடத்திலுள்ள டாப்ளர் விளைவே போதும்.

பெங்களூரில் ஸி. வி. ராமன் நகரில் அமைந்துள்ள மின்னணு, ராடார் வளர்ச்சி நிலையம், மத்திய அரசாங்கத்தின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்தது. இந்நிலையம் வகுத்துத் தர, அதே நகரில் 1954-இல் தொடங்கப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உற்பத்தி செய்யும் கருவிகளுள் ஒன்று, குறுந்தொலைவுப் போர்க்களக் கண்காணிப்பு ராடார். வீரர்கள் பகுதி பகுதியாகப் பிரித்துச் சுமந்துசென்று, முக்காலியின்மேல் பொருத்திக்கொள்ளக் கூடிய சிறிய கருவி இது. நிலத்தில் நடந்து வரும் மனிதனைச் சுமார் 2 கிலோ மீட்டர் தொலைவிலேயே இது அறிந்துவிடும். அத்தூரத்திற்குச் சென்று திரும்ப ராடார் அலைக்கு ஒரு வினாடியின் லட்சத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலான நேரம் பிடிக்கிறது.

தொலைவை அளப்பது இங்கே பெரிய காரியமன்று. கல், புதர், மரம், மண்மேடு ஆகிய எல்லாமே அலையைத் திருப்பி அனுப்புகின்றன. அவற்றின் நடுவே மனிதனைப் பிரித்தறிவதே கடினம். நின்ற பொருளிலிருந்து மீளும் அலையின் அதிர்வெண் மாறுவதில்லை. நெருங்கி வரும் பொருளிலிருந்து மீளும் அலை சற்றுக் கூடிய அதிர்வெண்ணுடன் வருகிறது. கணக்கு எளியது: வேகத்தை இரட்டித்து அலைநீளத்தால் வகுக்கவேண்டும். அலைநீளம் 2 சென்டிமீட்டர் என்றும், வருபவன் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நடக்கிறான் என்றும் கொள்வோம். வேறுபாடு வினாடிக்கு 100 அதிர்வுகள். இது மனிதச் செவி கேட்கும் எல்லைக்குள் இருப்பது நமது நற்பேறு. ஆகையால் இவ்வேறுபாட்டை அப்படியே காதுக்கருவியில் ஒலிக்கச் செய்யலாம். கையும் காலும் உடலைவிட வேகமாக முன்னும் பின்னும் வீசப்படுவதால், மனித நடையின் ஒலி தாளத்தோடு ஏறி இறங்கும். வண்டியின் ஒலி ஒரே சீராக இருக்கும். பழகிய காது இவற்றைப் பிரித்துணரும். புகைவண்டி கடந்து செல்லும்போது அதன் ஊதலின் சுருதி இறங்குவதைக் கவனிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதினால், மாணவர்க்கு எளிதில் விளங்கும்.

எதிரியும் இதனை அறிவான். அவன் நடப்பதை விட்டுத் தவழ்கிறான். வினாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வருபவன் எழுப்பும் வேறுபாடு 10 அதிர்வுகளே. இது காதுக்கு எட்டாது. அன்றியும், காற்றில் அசையும் புல்லும் இலையும் ஏறத்தாழ இதே அளவு வேறுபாட்டை எழுப்புகின்றன. தவழ்பவன் தரையோடு தரையாகக் கிடப்பதால் திரும்பும் அலையும் குறைவு. எனவேதான் 2 கிலோ மீட்டராக இருந்த எல்லை, தவழ்பவன் விஷயத்தில் சில நூறு மீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

காவலன் எத்திசையில் பார்க்கிறான் என்பதை எந்த ராடாரும் கூறாது. பார்வையிலிருந்து மீண்டு வருவதற்கு அலை ஏதும் இல்லை. விளையாட்டுக்காரர்கள் மற்றொன்றையும் மறைத்துவிட்டார்கள்: ராடார் வைத்திருப்பவன் தானே கூவிக்கொண்டிருப்பவன். அவன் அனுப்பும் அலை எதிரியை அடையும்போது தூரத்தின் இருமடிப்படி குறைகிறது. மோதித் திரும்பி அவனிடமே வரும்போது நான்மடிப்படி குறைந்துவிடுகிறது. தகுந்த ஏற்பி ஒன்று எதிரியிடம் இருக்குமானால், ராடார்காரன் எதிரியைக் காண்பதற்கு வெகு முன்பே எதிரி ராடாரைக் கேட்டுவிடுவான். ஒளிந்து செல்பவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. காவலர் விழித்துக்கொண்டதும் ராடார் படம் கலைந்துபோவதாக விளையாட்டில் அமைத்திருக்கிறார்கள். உண்மைக்கு அருகில் வருவது அந்த ஓர் இடந்தான்.

சுவருக்கு அப்பால் இருப்பவரை அறிதல் வேறு வகை. 2008-ஆம் ஆண்டு நவம்பரில் பம்பாயில் விடுதிகளுக்குள் பயங்கரவாதிகள் புகுந்தபோது, மூடிய அறைக்குள் எத்தனை பேர், எந்த மூலையில் இருக்கிறார்கள் என்பதை அறியாமலே படையினர் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. மேற்கூறிய பெங்களூர் நிலையம் சுவர் ஊடுருவிப் படங்காட்டும் ராடார் ஒன்றை உருவாக்கும் பணியை மேற்கொண்டு, அதற்குத் 'திவ்யசக்ஷு' என்று பெயரிட்டது. குருக்ஷேத்திரப் போரை அரண்மனையில் இருந்தபடியே ஸஞ்ஜயன் கண்ட கதையை அறிந்தவர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

செங்கல்லையும் காரையையும் ஊடுருவ 2 சென்டிமீட்டர் அலை உதவாது; அதனினும் நீண்ட அலைகள் வேண்டும். உள்ளே இருப்பவன் அசையாமல் அமர்ந்திருந்தாலும் மூச்சுவிடாமல் இருக்க முடியாது. மார்பு சில மில்லிமீட்டர் எழுந்து தாழ்கிறது. நிமிஷத்திற்குப் பதினைந்து இருபது முறை. மீளும் அலையில் இது உண்டாக்கும் சிறு நகர்வை, செவியால் அன்றிக் கணிப்பொறியால் பிரித்தெடுக்கவேண்டும்.

போருக்குப் புறம்பான பயனும் இதற்கு உண்டு. 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் நேபாளத்தைப் பூகம்பம் தாக்கியபோது, சௌதாரா என்னும் ஊரில், அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தார் உதவியுடன் அமைக்கப்பெற்ற ஒரு சிறு ராடார், இடிபாடுகளின் அடியில் இதயத் துடிப்பைக் கண்டறிந்தது. இரு கட்டடங்களின் கீழிருந்து நான்கு பேர் உயிருடன் மீட்கப்பட்டனர்.

ஈரம் ஊறிய சுவர் அலையைப் பெரிதும் உறிஞ்சிக்கொள்கிறது. உலோகத் தகடோ அதனை முற்றிலும் தடுத்துவிடும். மெல்லிய தகரமும் விதிவிலக்கன்று. தகரக் கொட்டகைக்குள் இருப்பவரை அறியவேண்டுமாயின், இன்றும் சன்னலையோ கதவிடுக்கையோதான் தேடவேண்டும்.