கட்டுநாயக்கவிலிருந்து சீகிரியாவுக்கு எத்தனை நிமிடம்?

மாத்தளை மாவட்டத்தில் விமானம் இறங்குமா என்று கேட்டால் பலர் தயங்குவார்கள். இறங்கும். சீகிரியாக் குன்றுக்கு அருகே விமானப்படைத் தளத்தின் ஓடுபாதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையின் 160ஆவது பிரிவு 1943இல் தன் லிபரேட்டர் விமானங்களுடன் இங்கே வந்து தங்கி, மறுவருடம் காங்கேசன்துறைக்கு மாறியது. பிற்காலத்தில் சினமன் எயார் நிறுவனத்தின் சிறிய செஸ்னா கரவன் விமானங்கள் சுற்றுலாப் பயணிகளை இங்கே கொண்டுவந்து இறக்கின.

கட்டுநாயக்கவிலிருந்து வீதியால் வந்தால் குருநாகல், தம்புள்ளை வழியாகச் சுமார் 150 கிலோமீற்றர். வான்வழித் தூரத்தை அறிய வரைபடமும் கொஞ்சம் கணக்கும் போதும். கட்டுநாயக்க விமான நிலையம் வடக்கு 7.18 பாகை, கிழக்கு 79.88 பாகையில் இருக்கிறது. சீகிரியாத் தளம் 7.96, 80.73இல். அகலாங்கில் ஒரு பாகை என்பது 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீற்றர். ஆகவே வடக்கே ஏறத்தாழ 47 கடல் மைல். நெட்டாங்குப் பாகை துருவத்தை நோக்கிப் போகப்போகச் சுருங்கும். இலண்டனில் அது 69 கிலோமீற்றர்தான். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நமக்கு அந்தச் சுருக்கம் மிகக் குறைவு. எனவே கிழக்கே ஏறத்தாழ 50 கடல் மைல். பைதகரஸ் தேற்றத்தில் இரண்டையும் இட்டால் விடை 127 கிலோமீற்றர்.

கரவன் மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொள்வோம். 127 கிலோமீற்றருக்கு 25 நிமிடம். ஆனால் ஓடுபாதை முனைவரை உருள்வதற்கும், மெதுவாக மேலேறுவதற்கும், இறங்குமுன் வளைந்து ஓடுபாதைக்கு நேராக வருவதற்கும் ஐந்து பத்து நிமிடம் சேரும். கணக்கு அரை மணியைத் தாண்டிவிடும்.

இந்தப் பாதையின் விசேடம் காற்று. கட்டுநாயக்கவிலிருந்து சீகிரியா ஏறத்தாழ வடகிழக்கில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் போகும் விமானத்தைக் காற்று பின்னாலிருந்து தள்ளும். வடகீழ்ப் பருவத்தில் எதிர்த்து நிற்கும். காற்றின் வேகம் மணிக்கு 40 கிலோமீற்றர் என்றால், பின்காற்றில் 22 நிமிடம், எதிர்க்காற்றில் 29 நிமிடம். போகும்போது கிடைத்த இலாபம் திரும்பும்போது சரிக்குச் சரி கழிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். எதிர்க்காற்றில் கூடுதல் நேரம் பறப்பதால் அதன் பாதிப்பும் கூடுதல் நேரம் நீடிக்கிறது. போய்வரும் மொத்த நேரம் காற்றில்லாத நாளைவிட ஏறத்தாழ ஒரு நிமிடம் அதிகம்.

அப்படியானால் ஜெற் விமானம் ஓட்டினால் என்ன? 35,000 அடி உயரத்திலிருந்து ஒரு ஜெற் சீராக இறங்கி வரவே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வேண்டும். இங்கே முழுப் பயணமே 127 கிலோமீற்றர். உச்ச உயரத்தையும் முழு வேகத்தையும் தொடுமுன்பே அது இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். உருளும் நேரமும் வளையும் நேரமும் அதற்கும் உண்டு. மிச்சமாவது சில நிமிடங்கள்தான். எரிபொருட் செலவோ பல மடங்கு. குறுந்தூரத்துக்கு ஒற்றை இயந்திரக் கரவனைத் தெரிவு செய்ததில் வியப்பில்லை.