படிகத்துக்குள் மூலக்கூறு எந்தப் பக்கம் பார்க்கிறது?

காலை ரயில் பொத்தேரியில் நின்றதும் நடைமேம்பாலம் மாணவர்களால் நிறைந்துவிடும். பல்கலைக்கழகத்துக்குப் போகிற ஆராய்ச்சி மாணவர்கள் பேசிக்கொண்டே ஏறுவார்கள். "ராமன் எடுத்தாச்சா?" என்ற கேள்வி அடிக்கடி காதில் விழும். சாம்பிளின் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது சிதறடிக்கும் ஒளியின் நிறமாலையைப் பதிவு செய்தாயிற்றா என்று அர்த்தம்.

அந்தப் பேச்சில் கே.எஸ். கிருஷ்ணன் என்ற பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எனக்கு அது பெரிய குறைதான்.

1898-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வத்திராயிருப்பில் பிறந்தவர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பிறகு சென்னை கிறிஸ்துவக் கல்லூரியிலும் படித்தார். இன்று தாம்பரத்தில் மரங்களுக்கு நடுவே இருக்கும் அதே கல்லூரிதான்; 1937-இல்தான் இங்கே வந்தது, கிருஷ்ணன் காலத்தில் பாரிமுனைப் பக்கம் இருந்தது. இயற்பியல் பட்டம் பெற்றவருக்கு அங்கேயே கிடைத்த வேலை, வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர். மதிய உணவு நேரத்தில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு இயற்பியலோ வேதியியலோ கணிதமோ எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வேறு கல்லூரி மாணவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு துறைக்கும் நடுவில் நின்று யோசிக்கும் பழக்கம் அவருக்கு அங்கே படிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1920-இல் கல்கத்தாவுக்குப் போனார்; பின்னர் அங்கே இயற்பியலாளர் சி.வி. ராமனிடம் சேர்ந்தார். 1928 பிப்ரவரியில் நடந்ததை அவருடைய நாட்குறிப்பு நாள்வாரியாகச் சொல்கிறது. விஞ்ஞானி சோதனையை விட்டு நெடுநாள் விலகியிருப்பது நல்லதல்ல என்று சொல்லி, கோட்பாட்டில் மூழ்கியிருந்தவரை ராமன் ஆய்வுக்கூடத்துக்கு இழுத்துவந்தார். சூரிய ஒளியை ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் செலுத்தினார்கள். அந்த ஊதாவை முழுவதும் தடுத்துவிடும் இன்னொரு வடிகட்டியைக் கண்முன் வைத்துப் பார்த்தார்கள். எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தது. உள்ளே போன ஒளியில் ஒரு துளி, மூலக்கூறை அதிரவைத்துத் தன் ஆற்றலில் கொஞ்சத்தை இழந்து, நிறம் மாறி வெளியே வந்திருந்தது. எவ்வளவு இழந்தது என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். அதனால்தான் அது கைரேகைபோல உதவுகிறது. பிப்ரவரி 7 இரவு ராமன் பரபரப்போடு கிருஷ்ணன் வீட்டுக்கே வந்து பேசினார். 'நேச்சர்' இதழில் மார்ச் 31 அன்று வந்த குறிப்பில் இருவர் பெயரும் இருக்கின்றன. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது.

கிருஷ்ணன் கதையை இந்த இடத்தோடு முடித்துவிடுகிறவர்களே அதிகம். அவருடைய சொந்த வேலை இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. 1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவர் கேட்ட கேள்வி: படிகத்துக்குள் மூலக்கூறு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது?

துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருக்கும் நாப்தலீன் மூலக்கூறு அப்பளம்போலத் தட்டையானது. ஒட்டிக்கொண்ட இரண்டு கார்பன் வளையங்கள். வளையத்துக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் வந்தால் அதன் எலெக்ட்ரான்கள் பலமாக எதிர்க்கும். விளிம்பு வழியாக வந்தால் அந்த எதிர்ப்பு குறைவு. இதை அளக்க கிருஷ்ணனும் உடனிருந்தவர்களும் கையாண்ட முறை அழகானது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகத்தைக் காந்தத்தின் துருவங்களுக்கு நடுவே தொங்கவிட்டார்கள். இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்கிக்கொண்டே போனார்கள். காந்தம் பிடித்துவைத்திருப்பதால் படிகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டுக்கொடுக்கும். ஒரு கட்டத்தில் பிடி விட்டுப்போய் சட்டென்று திரும்பிவிடும். அந்தக் கோணத்தைக் குறித்துக்கொண்டால் போதும், திசைக்குத் திசை காந்தத்தன்மை எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடலாம். அதிலிருந்து உள்ளே வளையங்கள் எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்பதும் தெரியவரும். லண்டனில் எக்ஸ் கதிர்களால் படிகங்களை ஆராய்ந்த கேத்லீன் லான்ஸ்டேலோடு சேர்ந்து 1936-இல் அவர் இதுபற்றிக் கட்டுரை எழுதினார்.

1933-இல் கல்கத்தா திரும்பிய பின், அதே கேள்வியை ஒளியை வைத்துக் கேட்டார். மூலக்கூறுகள் ஒழுங்காகச் சாய்ந்திருக்கும் படிகம், ஒரு திசையில் அதிரும் ஒளியை விழுங்கும். வேறு திசை ஒளியை அவ்வளவாக விழுங்காது. சேஷன் என்பவரோடு ஆந்திரசீன் படிகங்களை ஆராய்ந்தார். தூய ஆந்திரசீன் புறஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். அதில் நாப்தசீன் என்ற வேறொரு பொருள் மிகச் சிறிதளவு கலந்துவிட்டாலும் படிகம் பச்சையாக ஒளிரும். ஒளியை வாங்குவது ஆந்திரசீன் கூட்டம்; வாங்கிய ஆற்றல் கைமாறிக் கைமாறிப் போய், வெளியே விடுவது ஊடே இருக்கும் அந்தச் சில நாப்தசீன்கள்.

கிருஷ்ணன் பின்னாளில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1961-இல் காலமானார்.

பொத்தேரி ரயிலில் நின்றுகொண்டு வருகிற பிள்ளைகளில் பலர் கையில் ஓஎல்ஈடி திரை கொண்ட போன் இருக்கிறது. அந்தத் திரையின் ஒளியடுக்குகளிலும் பெரும்பகுதி ஒரு பொருள், அதில் சிறிதளவு கலந்த இன்னொரு பொருள். பெரும்பகுதி ஆற்றலை வாங்கிக் கொடுக்கிறது. கலந்த சிறு பகுதி ஒளிர்கிறது.